ரீவிக்குச் சில்லு

யூலை 9, புதன்
விடிந்ததிலிருந்து சோளகக் காற்று. வாய்க்குள் மண். கடலுக்குப் போகவில்லை.

பிலோவைக் கொழும்பு கான்சர் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து இன்றோடு நாலு நாள். இனி மருந்து ஏற்றுவதில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கோ என்றுவிட்டார்கள். அவவிடம் முழுக்கச் சொல்லவில்லை. தெரிந்திருக்கும். 31 வருசம் கூட இருந்தவளுக்கு என் முகம் தெரியாதா.

பகலில் அறை கொதிக்கிறது, அதனால் விறாந்தையில் கட்டில். பொழுதுபட்டால் அறை. ரீவி நடு ஹோலில், பழைய அலுமாரிக்கு மேல். இரண்டு இடத்திலிருந்தும் தெரியாது.

"ஞாயிறு பூசை மட்டும் எண்டாலும் படுத்துக்கொண்டு பாக்க ஏலுமோ?"

வந்த நாளிலிருந்து அவ கேட்டது இது ஒன்றுதான். சில்லு வைத்த பெட்டி ஒன்று செய்தால் போகுமிடமெல்லாம் தள்ளலாம். வள்ளத்துக்குப் பலகை போட்டவனுக்கு இது என்ன வேலை.

யூலை 10, வியாழன்
அளவு எடுத்தேன். பக்கத்தில் நானும் படுத்துக் கண் மட்டம் பார்த்தேன். நாடாவின் மற்ற முனையை அவ பிடித்தா. முடியும் வரை விடவில்லை.

உயரம் சில்லோடு 26 அங்.
அகலம் 32 (வாசல் 34, இடிக்காது)
ஆழம் 16
கீழே ஒரு தட்டு: செபமாலை, பூசைப் புத்தகம்
சில்லு 4, அதில் 2 பிரேக்கோடு
நீட்டு வயர்

நிறம் வெள்ளை. "மண்ணிறம் வேண்டாம், சவப்பெட்டி மாதிரி இருக்கும்" என்றா. நான் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

யூலை 11, வெள்ளி
மன்னார் டவுன். மெலமைன் பலகை, கடைக்கார நானா ஜும்மா தொழுகைக்கு முதல் மெஷினில் வெட்டித் தந்தார். ஓரப்பட்டியும் ஒட்டித் தரலாம், ஆனால் நாளைக்குத்தான் என்றார். "பட்டியைத் தாங்கோ நானா, நானே ஒட்டுறன்." ஞாயிறுக்குள் முடிய வேண்டுமே.

ஊருக்கு, பேசாலைக்கு வர வேறு வாகனமில்லை. பிலோவின் தம்பி மரியதாசின் மீன் லொறியில் ஐஸ் பெட்டிகளுக்கு மேல் போட்டுக் கொண்டுவந்தோம். வாசலில் இறக்க முதலே அவவுக்கு மணம் பிடித்துவிட்டது. மருந்து ஏற்றத் தொடங்கிய நாளிலிருந்து மீன் மணம் ஆகாது. ஓங்காளம். பிறகு குடித்த தண்ணியும் வெளியே.

பலகைகளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். சவர்க்காரம் போட்டு, நல்ல தண்ணி அள்ளி ஊற்றி, ஒன்றொன்றாக மூன்று தரம் கழுவினேன். கடலுக்குப் போய்வந்த எதையும் நாங்கள் கழுவாமல் உள்ளே எடுப்பதில்லை. நிழலில் சாய்த்திருக்கிறது. மணம் போய்விட்டது.

யூலை 12, சனி
ஓரமெல்லாம் ஊதிவிட்டது. வெள்ளைத் தோலுக்கு ஒன்றுமில்லை, உள்ளே வெறும் மரத்தூள். கிள்ளினால் அவித்த புட்டு மாதிரிக் கையோடு வருகிறது. ஸ்குரூ பிடிக்கவில்லை.

நானாவுக்குப் போன் எடுத்தேன்.

"கழுவினீங்களா? அது மரம் இல்ல அண்ணன், தூளை அமத்திச் செய்யிற சாமான். ஓரம் ஒட்டாமத் தண்ணி காட்டக் கூடாது."

கடையில் வெள்ளைப் பலகை முடிந்துவிட்டதாம். புதனுக்குத்தான் வரும். மரியதாஸ் சிரித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

மடையன் நான். கடலில் கிடந்த மடையன்.

யூலை 13, ஞாயிறு
ஆறு மணிக்கே எழும்பித் தலை சீவச் சொன்னா. இரண்டு தலையணையில் சாய்ந்து இருந்தா. பெட்டி பழுதான கதையை அப்போதுதான் சொன்னேன். "பறவாயில்லை" என்றா.

ரீவியை விறாந்தையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் வைத்தோம். காற்று தள்ளியது. மரியதாஸ் பின்னால் நின்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சாமியாருக்கு மேலே அவனுடைய தலை. பிலோ சிரித்தா. கன நாளைக்குப் பிறகு.

பிரசங்கம் முடிய முதலே, "நிப்பாட்டுங்கோ, அவன் பாவம், கை உளையும்."

"இல்லையக்கா, நான் பிடிப்பன்."

"போதுமடா."

அரைப் பூசை. அடுத்த ஞாயிறு முழுப் பூசை என்று சொல்லியிருக்கிறேன்.

யூலை 16, புதன்
பலகை வந்தது. நானாவே ஓரம் ஒட்டி, பொலித்தீன் சுற்றி ஓட்டோவில் அனுப்பியிருக்கிறார். பின்னேரம் வரை ட்ரில் சத்தம். அவ ஒரு தரமும் கண் திறக்கவில்லை. முன்பென்றால் சுத்தியல் தட்டினாலே ஏசுவா. இன்று ஏசினால் நல்லாயிருக்கும்.

கஞ்சி இரண்டு கரண்டி.

யூலை 18, வெள்ளி
முடிந்தது. நல்லா உருளுகிறது. பிரேக் போட்டால் காற்றுக்கு அசையாது. ரீவி ஏற்றி, வாசல் தாண்டி, கட்டிலடி வரை தள்ளிக் காட்டினேன்.

"வடிவா இருக்கு." அவ்வளவுதான், திரும்பக் கண் மூடிவிட்டா.

யூலை 19, சனி
விடியவே மூச்சு இழுத்தது. ஊர் ஆஸ்பத்திரி நேர்ஸ் மிஸ்ஸி வந்து பார்த்துவிட்டு ஒட்சிசன் மெஷின் எடுப்பித்துத் தந்தா. சின்னதுதான். தரையில் வைத்தால் மண்ணை இழுக்குமாம். மேசை அறைக்குள் போகாது. மிஸ்ஸி சுற்றிப் பார்த்தா.

"இது நல்ல உயரம் அண்ணை. சில்லும் இருக்கு."

நான்தான் ரீவியை இறக்கினேன். மெஷின் அளவெடுத்தது போல் பொருந்தியது. செபமாலை வைக்கும் தட்டில் குழாயும் பஞ்சும்.

யூலை 20, ஞாயிறு
சோளகம் குறைவு. கட்டிலைப் பிடித்து விறாந்தைக்கு எடுத்தோம், பெட்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தேன். பிரேக் போட்டேன். மெஷின் இரைந்துகொண்டே இருக்கிறது. நீட்டு வயரும் அதற்குத்தான். ரீவி ஹோலில், சுவரைப் பார்த்தபடி.

பூசை நேரத்துக்கு அவவுக்குக் கண் பாதி திறந்தது. பெட்டிப் பக்கமே பார்த்தா.

"இஞ்சேருங்கோ. என்ன போகுது?"

"விளம்பரம் போகுது" என்றேன்.

"பூசை தொடங்கினா எழுப்புங்கோ."

ஓம் என்றேன்.