பேன் சீப்பு என் பையில் இருக்கிறது

அம்மாடி,

இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை அப்பனிடம் கேட்டுக்கொண்டு செய்கிறது? நீ வேலைக்குப் போனதும் குளியலறைக் கதவைத் திறந்தேன். தலைச் செதிலைப் பேன் சீப்பால் சுரண்டியிருக்கிறாய். கொத்துக் கொத்தாக முடி, ரத்தம் வேறு!

நேரே உன் தோல் டாக்டரம்மாவிடம் போய்ச் சத்தம் போட்டேன். "சோரியாசிஸ்ல முடி வேர் சாகாது பெரியவரே. சுரண்டுறதாலதான் முடி கையோட வருது. விட்டுட்டா பெரும்பாலும் திரும்ப முளைச்சிடும்" என்கிறாள். சின்னப் பெண், சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

திரும்பி வரும்போது தெருமுனை முடிவெட்டுபவர், "சாயங்காலம் உங்க பாப்பாவுக்கு மொட்டை அடிக்க வரணுமாமே? வேலைக்குப் போறப்ப சொல்லிட்டுப் போச்சு" என்றார். "வாசப்படி மிதிச்சா பாரு" என்று சொல்லிவிட்டேன். இதற்கு நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி.

சோறு அடுப்படியில் மூடியிருக்கிறது. மருந்து எண்ணெயை ஊறவிட்டு, விரல் நுனியால் மெதுவாகக் கழுவு. நகம் படக்கூடாது. நான் காவல் வேலைக்குப் போகிறேன், கதவைத் தாழ் போட்டுக்கொள்.

சொல்ல மறந்தேன்: சீப்பைத் தேடாதே, என்னோடு வருகிறது. வேர் உயிரோடு இருக்கிறதாம். தோலுக்குள் இருப்பதை அந்த டாக்டரம்மா எங்கே போய்ப் பார்த்தாள்? முளைக்கட்டும், அப்புறம் நம்புகிறேன்.