கீழக்காட்டுப் புழுதி விதைப்பு

செப்டம்பர் 9, 1958

இந்த வீட்டில் முதலில் எழுவது நான். பிறகு கோழி, பிறகு மாடுகள். கடைசியாக, முதுகில் வெயில் சுட்ட பிறகு, சோலைச்சாமி. கட்டியவர் பேரை வாயால்தான் சொல்லக் கூடாது. எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்?

இன்று எழுந்து வாய் கொப்பளித்த கையோடு சொல்கிறார், சிவகாசியில் சோடாக் கம்பெனி வைக்கப் போகிறாராம். அதற்குக் கீழக்காட்டை விற்க வேண்டுமாம். என் அப்பா எனக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த ரெண்டு ஏக்கர் கரிசல். ரெண்டு வருசமாக விளையவில்லையாம், வெடிக் கம்பெனிக்காரர்கள் கேட்கிறார்களாம்.

விளையவில்லையாம்! விதைக்கிற நாளில் விதைத்தால்தானே விளையும்? போன வருசம் முதல் மழைக்கு ஊரே ஏர் பூட்டியது, இவர் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின வருசம் ஏர்க்கொழு மாற்ற ஆசாரியிடம் போனதே மழை பெய்த மறுநாள். இவர் சோடா நிரப்பி, அது விற்று... தூ.

செப்டம்பர் 14

வெடிக் கம்பெனி ஆள் கனகசபாபதி வந்தார். சலவைச் சட்டை. வரப்பைத் தாண்டி ஒரு அடி வைக்கவில்லை, செருப்பில் புழுதி ஒட்டிவிடுமே.

"ஒண்ணும் மொளைக்காத பொட்டக்காடுதாங்க எங்களுக்குத் தோது" என்றார். என் காட்டை, என் முன்னாலேயே. என் வீட்டுக்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். "தை கழியட்டும். இந்த வெள்ளாமையும் பொய்ச்சிருச்சின்னா கையெழுத்துப் போட்டுருவா" என்று வாக்குக் கொடுத்தார்.

நான் போட்டுவிடுவேனாம். அங்கேயேதான் நிற்கிறேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செப்டம்பர் 20

அய்யம்மாளைத் தண்ணீர்த் துறையில் பார்த்தேன். அவளும் புருசன் ஆண்டிச்சாமியும் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமைதான் கை ஓயும். ஓடைப்பக்கம் அரை ஏக்கர் வைத்திருக்கிறார்கள். வருசா வருசம் மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் விதைத்து மூடிவிடுவார்கள். ஏன் இந்த அவசரம் என்று கேட்டேன்.

"எங்களுக்கு ஏது தாயி சொந்த மாடு? மள பேஞ்சிட்டா அவுகவுக மாடு அவுகவுகளுக்கே காணாது. அதுக்கு முந்தி வெதச்சாத்தான் எங்களுக்கு உண்டு."

எறும்புக்குச் சோறு போடுகிறார்கள் என்று இவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. போன வருசம் அவள் வீட்டில் குதிரைவாலிச் சோறு. என் வீட்டில் ரேசன் அரிசி. பெரிய புத்திசாலி நான்!

செப்டம்பர் 28, ஞாயிறு

நேற்று அவர் விருதுநகருக்குச் சோடா மிஷின் பார்க்கப் போனார். போகட்டும், நாலு நாள் இருந்துவிட்டே வரட்டும்.

எங்கள் ரெண்டு ஜோடி மாட்டையும் ஆண்டிச்சாமியும் அவர் தம்பி சோணைமுத்தும் விடியும் முன்னே கீழக்காட்டில் பூட்டிவிட்டார்கள். ஏர் மேழியைப் பெண்பிள்ளை தொடக் கூடாதாம், தொட்டால் மழை வராதாம். தொடாமலே ரெண்டு வருசமாக என்ன விளைந்து கொட்டியது? சரி, அதில் எதற்குச் சண்டை. நானும் அய்யம்மாளும் உழுத சாலுக்குப் பின்னால் விதை போட்டுக்கொண்டே போனோம், குதிரைவாலியும் பருத்தியும். பருத்தி விதையை நேற்றே சாணிக் கரைசலில் புரட்டிக் காயவைத்திருந்தேன். பொழுது சாய்வதற்குள் முடிந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று.

அக்டோபர் 1

வந்தார். பார்த்தார். கத்தினார்.

"ஈரங்காணாம வெதைக்கிறது கிறுக்கச்சி வேலைடி! ஊரே சிரிக்கிது!"

சிரிக்கட்டுமே. மிஷின் என்ன ஆச்சு என்று கேட்டேன். இவர் போவதற்கு முதல் நாளே வேறொருவன் அட்வான்ஸ் கொடுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். நான் அடுப்பங்கரைக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

அக்டோபர் 7

தூறல். இந்த ஈரத்துக்கு விதை முளைத்து, மேல்மழை இல்லாமல் போனால் அத்தனையும் கருகும். அப்புறம் காடும் போச்சு, நான் பேசின பேச்சும் போச்சு. ஓடிப்போய்த் தோண்டிப் பார்த்தேன். ஈரம் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. விதை அப்படியே கிடக்கிறது. அப்பாடா.

அக்டோபர் 13

மேகத்தையே காணோம். டீக்கடையில் என்னைப் பற்றித்தான் பேச்சாம். சேர்ந்து சிரிப்பவர் யார் என்று எழுத வேண்டியதில்லை.

அக்டோபர் 17

எனக்கு ஏன் இந்த வேலை? பேசாம எல்லாரையும் போல இருந்திருக்கலாம்ல?

அக்டோபர் 22

மழை! நாலு நாளாக விடாமல். நனைந்துகொண்டே வாசலில் நின்றேன். "சளி பிடிக்கும், உள்ள வா" என்றார். வரவில்லை.

அக்டோபர் 27

மழை வெறித்து வானம் வெளுத்தது. ஊரெல்லாம் ஒரே நாளில் ஏரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. இவரும் அவருடைய மேலக்காட்டில் பூட்டினார், பஞ்சாங்கம் பார்க்காமலே! கரிசல் சும்மா விடுமா? மாடு முழங்கால் வரை இறங்கிவிட்டது. கலப்பையில் அப்பின மண்ணை வழித்து வழித்து, அரைச் சால்கூட ஓட்டாமல் திரும்பினார். மண் காய்வதற்குள் இன்று சாயங்காலம் மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது.

கீழக்காட்டில் சால் சாலாகப் பச்சை. வரப்பில் உட்கார்ந்து அழுதேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

டிசம்பர் 12

டீக்கடையில் இவர் பிரசங்கம் செய்கிறாராம். "மளயப் பாத்து வெதைக்கிறவன் சம்சாரியாலே? மளைக்கு முந்தணும்லே! அதான் வெதச்சிட்டோம்ல." அய்யம்மாள் வந்து அப்படியே நடித்துக் காட்டினாள். 'வெதச்சிட்டோம்'! சாலில் ஒரு விதை இவர் கையால் விழுந்ததா? மேலக்காட்டில் பிந்தி விதைத்தது சாண் உயரம்கூட இல்லை, அதைப் பற்றி மூச்சு விடவில்லை. வெட்கம் கெட்ட மனுசன்.

ஜனவரி 20, 1959

குதிரைவாலி அறுத்துக் களம் சேர்த்தாயிற்று. தானியக் குலுக்கை நிறைந்தது. பருத்தி காய் பிடித்து நிற்கிறது.

பிப்ரவரி 22

தை கழிந்ததும் சொன்னபடி கனகசபாபதி பத்திரத்தோடு வந்துவிட்டார். அந்த ஆளாவது சொன்ன நாளில் வருகிறார். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். விளைந்துவிட்டது என்பதற்காக இந்த மனுசன் சோடாக் கம்பெனியை மறந்துவிடுவார் என்று நான் எங்கே கண்டேன்? என்னென்ன கேட்க வேண்டும் என்று நாக்கு நுனியில் வைத்திருந்தேன்.

இவர் கட்டிலை விட்டு எழுந்து துண்டை உதறினார்.

"அது எங்காடு இல்லீக. அவ காடு. அவ வெதச்சது. அவகிட்டயே கேளுங்க."

ஆறு மாசமாக இந்த மனுசனை வைது வைதுதான் எழுதியிருக்கிறேன். இதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கனகசபாபதியிடம் "விக்கலை" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அதையும் ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது, முதல் தடவை சத்தமே வரவில்லை.

நாளைக் காலை பருத்தி முதல் எடுப்பு. பனி காய்வதற்குள் எடுத்தால்தான் சருகு ஒட்டாது. இவரும் வருகிறாராம். வரட்டும், பார்ப்போம். நான் எழுப்ப மாட்டேன்.