வலது கையில் நூற்றுத்தொண்ணூறு

சிதம்பரம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மாமாவுக்கு,

சந்திரலேகா எழுதுவது. தேவசகாயம் அண்ணன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை தோஹா திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போன் என்றால் உங்கள் அறையில் இருக்கும் நாலு பேரும் கேட்கிறார்கள்.

நம் சுவேதா எல்லாப் பாடத்திலும் பாஸ். மாடித் தொட்டி ஒழுகியதை அடைத்தாயிற்று.

என் உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். பெண்களுக்கு இடது கையில்தான் நாடி பார்க்க வேண்டும் என்பார் காடாம்புலியூர் வைத்தியர். “ஒளிஞ்சிக்குதும்மா, புடிபடல” என்பார். அந்தப் பழக்கத்தில் கிளினிக்கிலும் நான் இடது கையையே நீட்டினேன். பன்னிரண்டு வருஷமாக லோ பிரஷர் என்றார்கள். உப்பு மோர், ஊறுகாய், உங்கள் அக்கா பட்டம்மாள் மஞ்சக்குப்பத்திலிருந்து அனுப்பும் கருவாடு என்று மருந்துபோல் சாப்பிட்டேன். போன மாதம் மயங்கி விழுந்து கடலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, இடது கை ஊசி குத்தி வீங்கியிருந்தது. ஜெயராணி என்ற நர்ஸ் வலது கையில் பிரஷர் பார்த்தாள். நூற்றுத்தொண்ணூறு. இடதிலும் பார்த்தாள். தொண்ணூறு. “என்னாக்கா, ரெண்டு கையும் ரெண்டு ஆளோடதா?” என்று சிரித்தாள். மறுபடி பார்த்துவிட்டுச் சிரிக்காமல் டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயில் அழற்சியாம். இடது கைக்குப் போகும் கிளை சுருங்கிவிட்டதால் அந்தக் கை மட்டும் லோ பிரஷர் காட்டியதாம், உண்மையில் எனக்கு ஹை பிரஷராம். டகாயசு என்று பெயர், லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராதாம். இப்போது உப்பில்லாத சோறு, வேளைக்கு மூன்று மாத்திரை. தலை பின்னும்போது இடது கை பாதியிலேயே சோர்ந்துவிடுகிறது. இறக்கிவைத்துவிட்டு மறுபடி பின்னுகிறேன்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதென்று நீங்கள் நினைக்கிறவற்றைத்தான் எழுத வேண்டும். டாக்டர் தட்சிணாமூர்த்தி என்னிடம் மூன்று நிமிடம் பேசினார். பிறகு வராந்தாவுக்குப் போய் உங்களோடு போனில் இருபது நிமிடம் பேசினார். ஸ்கேன் ரிப்போர்ட்டை உங்கள் அக்கா வாங்கிக்கொண்டார். கேட்டால், “எங்கியோ வச்சிட்டேன் சந்திரா, தேடித் தரேன்” என்கிறார். அவர் எதையும் தொலைப்பவர் இல்லை. சுவேதா ஹாஸ்டலிலிருந்து வாராவாரம் வருகிறாள், நான் துணி பிழிந்தால் பிடுங்கிக்கொள்கிறாள். யார் சொன்னது என்று கேட்டால் குளியலறைக்குள் போய்விடுகிறாள். நீங்களோ இருபது வருஷத்தில் முதல்முறையாகத் தினமும் போன் செய்கிறீர்கள். மூன்று பேரும் பேசிவைத்துக்கொண்டீர்கள் என்று தெரியாதா எனக்கு?

செவ்வாய்க்கிழமை தனியாகப் பஸ் ஏறிக் கடலூர் போனேன். ரிப்போர்ட் தொலைந்துவிட்டது என்று ஸ்கேன் சென்டரில் சொன்னேன். இன்னொரு நகல் கொடுத்தார்கள். இதயத்தை ஒட்டிய இடத்தில் அந்தக் குழாய் வீங்கியிருக்கிறது. எத்தனை சென்டிமீட்டர் என்பதும் போட்டிருக்கிறது. அறுவை சிகிச்சை பற்றி உடனே முடிவெடுக்க வேண்டும் என்று கடைசி வரி.

அன்று சாயங்காலம் நீங்கள், “ஒண்ணுமில்ல சந்திரா, மாத்திரையிலியே சரியாப்பூடும்” என்றீர்கள். நான், “சரி மாமா” என்றேன். ரிப்போர்ட் என் மடியில் இருந்தது.

உங்கள் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டே படுக்கையில் கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆபரேஷனுக்குச் சென்னையில் தேதி குறித்துவிட்டீர்களா? குறித்திருந்தால் அதற்கு முன்னால் லீவு போட்டு வாருங்கள். நீங்கள் வராமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வாயால் சொல்லுங்கள். முதல்முறை கேட்பதுபோலக் கேட்டுக்கொள்கிறேன்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள்,
சந்திரா