மை பூசாத பெயர்

கொட்டகலை,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகள் கிருஷாந்திக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் ஒருவாறு சுகம், எடின்பரோக் குளிரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாயா என்பதுதான் எங்களுக்குத் தெரியவேண்டும். இங்கே மழை விடவில்லை. மழை பிடித்தால் அப்பா கதிரையை ஜன்னலோரம் போட்டுக்கொண்டு மலையையே பார்த்தபடி இருக்கிறார், கூப்பிட்டாலும் திரும்புவதில்லை.

நீ அனுப்பிய மாதிரித் தாள்கள் வந்து சேர்ந்தன. மண்சரிவில் போனவர்களின் பெயர்களை ஈய எழுத்துகளில் ஒவ்வொன்றாகக் கையால் கோத்து, அவ்வளவு தடித்த தாளில் நீ அச்சடித்திருப்பதைப் பார்த்ததும் அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நான் முகாமுக்கு எடுத்துப்போனேன். மண் மூடிய மேல் லயத்து வீடுகளின் சனங்கள் இன்னும் அந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள், வீடு வரும் வரும் என்கிறார்கள், வரக்காணோம். எல்லோரும் கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினார்கள். வாசிக்கத் தெரியாதவர்களின் விரலைப் பிடித்து அவரவர் ஆட்களின் பெயரில் வைத்தேன், ஈயம் அழுத்திய பள்ளம் விரலுக்குத் தெரிகிறதே, அதையே தடவிக்கொண்டிருந்தார்கள். ராக்காயி மட்டும் கையை இழுத்துக்கொண்டாள். உன்னோடு படித்த வினோஜனின் அம்மாதான். "எம் மவன் பேர ஏன் டீச்சர் செத்தவங்களோட போட்டீங்க? யாரு பாத்தா?" என்று கேட்டாள். அவன் தீபாவளி லீவுக்குக் கொழும்பிலிருந்து வந்து அன்று லயத்தில் படுத்திருந்தான் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் தோண்டியவர்களுக்கு அவன் மட்டும் கிடைக்கவில்லை. மரணச் சான்றிதழுக்காகக் கிராம சேவகர் எத்தனையோ தரம் வந்தும் அவள் கைநாட்டு வைக்கவில்லை.

கோயில் தலைவர் கணேசமூர்த்திக்குக் கோபம். வருஷ நினைவன்று கோயிலில் வைக்க ஒரு புத்தகம், குடும்பத்துக்கு ஒன்று என்று உன்னிடம் கேட்டவரே அவர்தானே. "பேர விட்டுட்டா அவன் நம்ம லயத்துப் புள்ளையே இல்லேன்னு ஆயிரும். வந்தா வரட்டும், மேளம் வச்சுக் கூட்டியாருவோம்" என்றார். பக்கத்தில் ஒருவர் சிரித்தும் விட்டார். ராக்காயி எழுந்து நின்று, "ஒங்க புள்ளைய நீங்க தூக்கிட்டுப் போயி பொதைச்சீங்க தலைவரே. நான் எதப் பொதைச்சேன்?" என்றாள். 

வீட்டுக்கு வந்து யோசித்தேன். வகுப்புக்கு ஒரு பிள்ளை வராவிட்டால் வரவு இடாப்பில் அதன் பெயரை வெட்டுவதில்லை, வந்ததாகவும் போடுவதில்லை, இரண்டுக்கும் நடுவே ஓர் அடையாளம் வைத்திருக்கிறோம். அச்சில் அப்படி ஏதும் உண்டா என்று நினைத்தபோதுதான் உன் பொங்கல் வாழ்த்து அட்டை ஞாபகம் வந்தது. மையே இல்லாமல் ஒரு தேயிலைக் கொழுந்தை அழுத்தியிருந்தாயே, வெளிச்சத்தில் சாய்த்தால்தான் தெரியும். மறுநாள் அதை ராக்காயியிடம் காட்டி, மகன் பெயரையும் இப்படிப் போட்டால் பார்ப்பவர்களுக்கு வெறும் தாள்தான், அவள் தொட்டால் இருக்கும் என்று சொன்னேன். வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "பின்னாடி மை வைக்கணும்னா வைக்கலாமா டீச்சர்?" என்று கேட்டாள். உன்னைக் கேட்காமலே வைக்கலாம் என்று சொல்லிவிட்டேன். அட்டையை அவள் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பெயர் புத்தகத்தில் இருக்கிறதே என்று தலைவரும் சம்மதித்துவிட்டார்.

ஆகவே அந்தப் பக்கத்தை அடித்து முடித்ததும் மற்ற எழுத்துகளை வழக்கம்போல் பிரித்துப் பெட்டியில் போடு, வினோஜன் என்று கோத்ததை மட்டும் பிரிக்காதே. நூலால் கட்டி ஓரமாக வை. ஹட்டனில் வாங்கி அனுப்பிய எழுத்துகளே போதவில்லை என்று எழுதியிருந்தாய், அடுத்த வேலைக்குக் கஷ்டப்படுவாய், பொறுத்துக்கொள்.

ஈயம் தொட்ட கையோடு சாப்பிடாதே, சவர்க்காரம் போட்டுக் கழுவு. முருகன் உன்னை நோய் நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். நூல் கட்டியதை மறந்துவிடாதே. அவள் எப்போது கேட்பாள் என்று தெரியாது. நான் இல்லாத காலத்தில் கேட்டாலும் நீ அதை எடுத்து மை பூசி அடித்துக் கொடுக்கவேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா