விலாசம் எழுதாத உறை

டோர்செட் பார்க், ஸ்காபரோ
21.11.1999

என் அன்பு மகள் அன்ரனெற் அறிவது,

ஆண்டவருடைய கிருபையால் எனக்கும் அம்மாவுக்கும் உடம்பில் பெரிய குறை ஒன்றும் இல்லை. மனக்குறை ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் இருக்கிறேன். நீயும் புது இடத்தில் சுகமாய் இருக்க இரண்டு பேரும் நாள்தோறும் செபமாலை சொல்கிறோம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. லிஃப்ற் இரண்டில் ஒன்று பழையபடி பழுது, பதினொராம் மாடிக்கு ஏறுகிற சனமெல்லாம் ஒன்றில் நெரிபடுகிறது. எமில்டா மாமிக்கு முழங்கால் ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டா, நடக்கச் சொன்னால் நடக்கமாட்டேன் என்கிறா, ஆனால் கதைக்கிறதில் ஒரு குறையும் இல்லை. நீ நல்ல தடித்த சப்பாத்து வாங்கினாயோ? போன மாரியில் போட்டதையே போட்டுக்கொண்டு திரியாதே பிள்ளை. பார், எழுத வேண்டியதை விட்டுவிட்டு லிஃப்ற்றையும் சப்பாத்தையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை இதோடு நாலாம் முறை தொடங்குகிறேன், மூன்று முறையும் சப்பாத்தோடேயே நின்றுவிட்டது. இந்த முறை சொல்லிவிடுகிறேன்.

உன் ஹலிபாக்ஸ் விலாசத்தை வெளியே விட்டது அம்மா இல்லை. நான்.

ஆவணி மாதம் உனக்கு அந்த வாழ்த்து மட்டை வந்ததும், அதில் நீ பயந்து விட்டுவந்த உன் புருசன் தன் பெயர் போடாமல் "புது வீடு பிடிச்சிருக்கோ" என்று மட்டும் எழுதியிருந்ததும், நீ இரண்டே நாளில் வேலையையும் வீட்டையும் விட்டு வெளிக்கிட்டதும் எனக்கு இப்போதும் நெஞ்சுக்குள் கிடக்கிறது. அன்றைக்கு நீ போனில் அழுதுகொண்டு, அம்மாதான் கோயிலில் அவன்ரை அக்கா கிளடிஸோடை நிண்டு கதைக்கிறவா, அவாவின்ரை வாய்தான் இதைச் செய்தது, இனி நான் அவாவோடை கதைக்கமாட்டன் என்று சொன்னாய். எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது, அதையும் மறைக்கவில்லை. நான் போனை வைத்துவிட்டு அம்மாவை ஏசினேன். அவா, நான் சொல்லேல்லை, சத்தியமா சொல்லேல்லை என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டா.

நடந்தது இதுதான். போன வருடம் கோடைக்கு நீ வந்து நின்றபோது எங்களுடைய கொம்பியூட்டரில் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு அந்தப் பென்குவின் படம் போட்ட லினக்ஸை ஏற்றித் தந்தாய். அப்பா, இது ஓப்பின் சோர்ஸ், இதின்ரை உள்வேலை எல்லாரும் பாக்கத் திறந்து கிடக்கு, களவா உங்கடை சாமானை வேறை இடத்துக்கு அனுப்பினால் ஆராவது கண்டுபிடிச்சுக் கத்துவினம், மற்றதுகளை மூடிக் கட்டியிருக்கினம், உள்ளுக்கை என்ன செய்யுதெண்டு உங்களுக்குத் தெரியாது என்றாய். ஈமெயிலைப் பூட்டி அனுப்பவும் ஒன்று போட்டுத் தந்தாய், பூட்டாத ஈமெயில் உறையில் வைக்காத தபாலட்டை மாதிரி, போகிற வழியில் எவனும் வாசிப்பான் என்று எனக்கு விளங்கும் பாஷையிலேயே சொன்னாய். நான் என்ன சொன்னேன்? எங்கடை வீட்டுக் கொம்பியூட்டரிலை என்ன ராணுவ ரகசியமே கிடக்கு, ஆரடி பிள்ளை இதைப் பாக்கப்போறான் என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. பார்க்க ஒருவன் இருக்கிறான் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு மாசியில் ஊர்ச் சங்கத்துக்கு ஆண்டு விழாக் கடிதம் அனுப்ப வேண்டிவந்தது. நான்தான் காரியதரிசி. இருநூறு உறைக்குத் தமிழில் விலாசம் ஒட்ட வேண்டும், உன் லினக்ஸில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது. உன்னைக் கேட்டிருக்கலாம், சொல்லித் தந்திருப்பாய். எனக்கு அவசரம். கொம்பியூட்டர் திருத்துகிற கடையொன்றில் கொடுத்துப் பழைய சிஸ்டத்தையே திரும்பப் போடுவித்தேன், அவர்கள் ஒரு சீடியும் இலவசமாகத் தந்தார்கள், தமிழ் எழுத்தும் உண்டு, விலாசப் புத்தகமும் உண்டு, இதுக்கு மேலை என்ன வேணும் அங்கிள் என்றார்கள். இருநூறு விலாசத்தையும் அதிலேயே அடித்தேன், உண்மையிலேயே எழுத்து முத்துப்போல வந்தது. தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பக்கம், கீழே சம்மதம் என்று ஒரு பொத்தான். வாசிக்காமல் அமத்தினேன். அடுத்து ஒரு படிவம். பெயர், ஊர், கோயில், பிள்ளைகள் எத்தனை, எங்கே இருக்கிறார்கள், விலாசம்.

என்னைத் தெரியும்தானே உனக்கு. முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் இருந்தவன், படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் எனக்குக் கை துடிக்கும். கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டுப் போயிருக்கலாம், கொம்பியூட்டர் ஒன்றும் சொல்லியிராது. நான் உன் விலாசத்தை நிரப்பினேன், அப்பார்ட்மென்ற் நம்பரோடு. போஸ்ரல் கோட் சரியோ என்று உன் கடித உறையை எடுத்து இரண்டு தரம் ஒத்துப் பார்த்தேன் மகள். ஒரு எழுத்துப் பிழை விடவில்லை.

அந்த சீடி நான் ஈமெயில் பார்க்கப் போன் லைனைத் தொடுக்கிற நேரங்களில் எல்லாவற்றையும் கொண்டுபோய்த் தங்கள் கொம்பனியில் கொட்டியிருக்கிறது. அவர்கள் அதைத் தொகுத்து ஊர் ஊராகப் பிரித்து ஒரு புத்தகம் அடித்து ஆடி மாதம் தமிழ்க் கடைகளில் இலவசமாக அடுக்கிவிட்டார்கள். எனக்கு அது புரட்டாதியில்தான் கண்ணில் பட்டது. மீன் வாங்கப் போன இடத்தில் எடுத்துப் பார்த்தேன், எங்கள் ஊர் இளவாலை என்ற தலைப்பின் கீழ் செல்வரட்ணம் என்று என் பெயரைக் கண்டதும் முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும். அதற்குக் கீழேதான் மகள் அன்ரனெற், ஹலிபாக்ஸ், தெரு, நம்பர், போஸ்ரல் கோட். மீனை வாங்காமல் கதவடியில் அப்படியே நின்றேன். பிறகு அங்கே கிடந்த புத்தகத்தை எல்லாம் அள்ளித் தள்ளுவண்டிலில் போட்டேன், கடைக்காரர், என்ன அங்கிள், பழைய பேப்பர் வியாபாரம் தொடங்கிட்டியளோ என்று பகிடி விட்டார். மோர்னிங்சைட் பக்கம் இரண்டு கடைக்கும் பஸ்ஸில் போய் அள்ளினேன். அறுபத்திரண்டு புத்தகம். கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்தேன். அவன் கையில் ஒன்று எப்போதோ போய்விட்டது என்று தெரிந்துகொண்டும் அள்ளினேன், விசரன்.

ஊரில் அந்தக் காலத்தில் எத்தனை பேர் கவுண்டருக்கு வந்து இன்னாருடைய பிள்ளை எந்த நாட்டில், விலாசம் என்ன என்று கேட்டிருப்பார்கள். சில பேர் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டும் வந்தார்கள். அவர்களையும், ஒருவருடைய விலாசத்தை இன்னொருவருக்குச் சொல்கிறதில்லை என்றுதான் சொல்லி அனுப்பினேன். துவக்குக்குக் கொடுக்காததை ஒரு இலவச சீடிக்குக் கொடுத்தேன், அதுவும் பெற்ற பிள்ளையின் விலாசத்தை. கொம்பனிக்கு எழுதினேன், நீங்கள் சம்மதம் என்று அமத்தியிருக்கிறீர்கள், அடுத்த பதிப்பில் எடுத்துவிடுகிறோம் என்று இரண்டு வரி பதில் வந்தது.

இதைவிடப் பெரிய குற்றம், தெரிந்த பிறகும் இரண்டு மாதம் நான் வாய் திறக்காதது. நீ ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கிறாய், அம்மா எடுத்தால் "அப்பா நிக்கிறாரோ" என்கிறாய், அவா என் கையில் தந்துவிட்டு அடுப்படிக் கதவோடு ஒட்டி நிற்பா. நான் கதைத்து முடிய, சாப்பிட்டவளாமோ, குரல் எப்பிடி இருக்கு என்று கேட்பா. ஒவ்வொரு ஞாயிறும் சொல்ல நினைப்பேன், சொன்னால் நீ என்னோடும் கதைக்காமல் விட்டுவிடுவாய் என்று பயந்து விழுங்கிவிடுவேன். பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். சாமியார் மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். முப்பது சொன்னேன், பாரம் இறங்கவில்லை.

முந்தநாள் அம்மாவிடம் சொன்னேன். அவா பச்சை மிளகாய் அரிந்துகொண்டிருந்தா, தலை நிமிரவில்லை. எனக்குத் தெரியும் என்றா. கட்டிலுக்குக் கீழை கூட்டுறது நான்தானே, உந்தப் புத்தகங்களை அண்டைக்கே விரிச்சுப் பாத்திட்டன் என்றா. அப்ப ஏன் மரியம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கேல்லை, பிள்ளைக்கும் சொல்லேல்லை என்று கேட்டேன். உங்களோடையும் கோவிச்சாளெண்டால் பிள்ளை பிறகு ஆருக்குப் போன் எடுப்பாள், ஒரு ஆளாவது அவளின்ரை குரலைக் கேக்கட்டும் எண்டுதான் பேசாமல் இருந்தனான் என்றா. நான் கதிரையில் இருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன் அன்ரனெற். அம்மா அழவில்லை, மிளகாய்தான் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தா.

நீ எழுதி வைத்த கொப்பியைப் பார்த்து லினக்ஸை நானே திரும்ப ஏற்றிவிட்டேன், எட்டு நாள் பிடித்தது. ஏழாம் நாள் பென்குவின் வந்தது, எட்டாம் நாள்தான் கொம்பியூட்டர் எலி அசைந்தது. அந்த சீடியைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினேன். தமிழ் எழுத்து இன்னும் கட்டம் கட்டமாகத்தான் வருகிறது, வரட்டும், சங்கத்து விலாசமெல்லாம் கையால் எழுதுகிறேன். அந்த இருநூறு பேருடைய விலாசமும் என்னால்தானே வெளியே போனது, அவர்களிடமும் கூட்டத்தில் எழும்பி நின்று சொல்லத்தான் போகிறேன். முதலில் உனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

உன் சிநேகிதி கிறிஸ்ரினா நாளைக்கு விட்பியிலிருந்து வருகிறாள், அவளிடம்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். போன கிழமை போனில், அங்கிள், அவளின்ரை புது விலாசத்தைச் சொல்லட்டோ என்று கேட்டாள், பாவம், என் குரலைக் கேட்டு இரங்கிவிட்டாள். வேண்டாம் பிள்ளை, எனக்குச் சொல்லாதை, நான் கேட்டாலும் சொல்லாதை என்றேன். நீயும் சொல்லாதே.

வாற ஞாயிறு பின்னேரம் நான் கோயிலில் நிற்பேன், வீட்டில் இருக்கமாட்டேன். போனை அம்மாதான் எடுப்பா. அப்பா நிக்கிறாரோ என்று கேட்காதே மகள். என்னோடு எவ்வளவு காலம் வேண்டுமானாலும் கோபமாய் இரு, அது எனக்கு உரியது, இவ்வளவு நாளும் அவா சுமந்துவிட்டா. தேவதாய் உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாராக. கதவை இரண்டு பூட்டும் போட்டுப் படு, நேரத்துக்குச் சாப்பிடு, அந்தச் சப்பாத்தை வாங்கு.

விலாசம் இல்லாத கடிதங்களை முப்பத்தொரு வருடம் திருப்பி அனுப்பினவன் நான். இன்றைக்கு உறையில் அன்ரனெற் என்று மட்டும் எழுதி, கீழே மூன்று வரியையும் வெறுமையாக விட்டு ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் அப்பா,
செ. செல்வரட்ணம்