பெட்டிக்குக் கனமாக என்னை உட்கார வைத்தவருக்கு

என்னங்க, சாமிகிட்ட போய்ச் சேர்ந்தவரே, என் பேச்சு அங்கேயும் கேட்குதா?

நீங்கள் போன பிறகு நம்ம சவுண்டு சர்வீஸை உங்கள் அக்கா மகன் மூர்த்திதான் பார்த்துக்கொள்கிறான். மயிலாப்பூர் சந்தில் அதே ஷெட்தான். போன வாரம் வந்து, "அத்தே, பெரிய ஸ்பீக்கர் பெட்டி ரெண்டும் அதிருது. பேஸ் சத்தம் கொழகொழன்னு கீது. உள்ளே கனம் வச்சு ஒட்டணும்" என்றான்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. திறக்கிற சாக்கில் உங்கள் ஸ்பீக்கரை உருவிக்கொண்டு மட்டமானதை மாட்டிவிட்டால்? சொந்தக்காரன் என்றால் கண்ணை மூடிக்கொள்ள முடியுமா? ஷெட்டிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா அத்தே, போலீஸ் மாதிரி பாத்துக்கினு கீறே?"

"நான் முருகன் பேரைச் சொல்லிக்கிட்டு இருக்கேன். நீ ஸ்குரூவைக் கழட்டு."

இடப்பக்கத்துப் பெட்டியைத் திறந்தான். உள்ளே நாலு பக்கமும் கடப்பாக்கல் துண்டு.

"மாமா ஏற்கெனவே கனம் வச்சிருக்காரு அத்தே! பசை இப்பத்தான் விட்டுப்போச்சு, அதான் அதிருது. பாரு, பலகைக்கு அடிச்ச அதே கறுப்பு பெயிண்டு கல்லு மேலயும் கீது. பெட்டி செஞ்ச அன்னிக்கே ஒட்டினது."

அவ்வளவுதான். என் சந்தேகம் அவனை விட்டு உங்கள் மேல் தாவிவிட்டது.

"வள்ளி, பெட்டி ஆடுது, பேஸ் கலங்குது, மேலே ஏறி உட்காரு" என்று எத்தனை கோயிலில் சொல்லியிருப்பீர்கள்? நானும் முந்தானையைச் சொருகிக்கொண்டு, உங்கள் நாற்காலியை ஒட்டியிருந்த அந்தப் பெட்டியில் ஏறி உட்கார்ந்தேன். அம்மன் பாட்டு நன்றாகக் கேட்க வேண்டுமே, இதுவும் ஒரு புண்ணியம்தான் என்று நினைத்தேன். உள்ளே அவ்வளவு கல் இருக்கும்போது நான் எதற்கு? எட்ட இருந்த இன்னொரு பெட்டியில் மட்டும் ஏன் ஒருத்தரையும் உட்காரச் சொல்லவில்லை?

"எல்லாம் உன் வாயை அடைக்கத்தான். அந்தச் சத்தத்துல யாராண்ட பேசுவே?" என்று மூர்த்தி சிரிக்கிறான்.

இருக்கலாம். ஆனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பிப்பதற்குள் என் பக்கம் சாய்ந்து, "அப்புறம் என்ன ஆச்சு, சொல்லு" என்று கேட்டது யாராம்?

பக்கத்தில் இரு என்று ஒரு நாளாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கிறீர்களா? இப்போது கேட்டாலும் மழுப்பத்தான் போகிறீர்கள்.

நாளைக்கு ஆடி வெள்ளி. நம்ம தெரு அம்மனுக்குக் கூழ் வார்க்கிறார்கள். மூர்த்தி கல்லை எல்லாம் கெட்டியாக ஒட்டிவிட்டான், பெட்டிகள் போகின்றன. நானும் போகிறேன். ஒரு பாட்டை நின்று கேட்பேன், அடுத்ததை மேலே ஏறி உட்கார்ந்து கேட்பேன். சத்தம் மாறினாலும் மாறாவிட்டாலும் உங்களிடம் மறைக்க மாட்டேன், இது சத்தியம். இப்போதே விளக்கேற்றி வேண்டிக்கொண்டேன்: தாயே, நான் உட்கார்ந்தாலும் எழுந்தாலும் அந்தச் சத்தம் ஒரு இம்மியும் மாறக் கூடாது.

உங்கள் சம்சாரம்,
வள்ளி