நூற்று நான்கு சென்டிமீட்டர்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். "ரெண்டும் இல்ல மாமா" என்றார். போனில் எனக்கு நாக்கு எழாது என்பது உனக்குத் தெரியும். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

மாப்பிள்ளை ஓர் உதவி கேட்டார். புதன்கிழமை விபத்து விசாரணைக்கு முன், உன் வண்டியில் பிரேக் பிடிக்கவில்லை என்று நான் ஒரு வரி எழுதித் தர வேண்டுமாம். "முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் சர்வேயரா இருந்தவர் நீங்க. உங்க கையெழுத்துக்கு மதிப்பு இருக்கு மாமா" என்றார். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பார்க்கிறேன் என்றேன். அவர்மேல் கோபப்படாதே. உன்னைக் காப்பாற்றத்தான் கேட்கிறார்.

நேற்று, வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கும் யார்டுக்குப் போனேன். காவலாளி பழைய பழக்கத்தில் நாற்காலி போட்டார். "பெருசுக்கு மூஞ்சில சிராய்ப்புதான் சார். பம்பரை மாத்திட்டா பொண்ணு பார்க்கவே கிளம்பிடும்" என்று உன் வண்டியைக் காட்டிச் சிரித்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் சிரித்துவைத்தேன். பிரேக்கைப் பார்த்தேன். சந்தேகப்பட்டு மறுபடியும் பார்த்தேன். நன்றாக இருக்கிறது.

பிறகு உன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, காவலாளியைக் குறுக்கே நடக்கச் சொன்னேன். ஆறடி மனிதர், வண்டியின் முன்கண்ணாடியை ஒட்டிய தூணுக்குப் பின்னால் முழுதாக மறைந்துபோனார். "நான் பார்க்கவே இல்லப்பா" என்று ஆஸ்பத்திரி வாசலில் நீ சொன்னாயே. அன்று நம்பினேன். நேற்று கண்ணால் கண்டேன்.

இன்னொன்று உண்டு. அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே எழுதுகிறேன். முப்பது வருடத்தில் எதிர் வண்டியை நான் போய்ப் பார்த்ததே இல்லை. அது வேறு கம்பெனிக்காரர் வேலை. என் படிவத்தில் அதற்குக் கட்டமும் கிடையாது. என் நோட்டுப் புத்தகத்தில், உருண்டு கவிழ்ந்தவர்களைத் தவிர, பெரிய வண்டிக்காரர்கள் பெரும்பாலும் தாமாகவே இறங்கி நடந்தவர்கள். அதை வைத்துத்தான் "எடுத்தா உசரமான வண்டியா எடு" என்று உன்னை நச்சரித்தேன். சின்னது போதும் என்றுதான் நீ சொன்னாய்.

நேற்று முதல்முறையாக எதிர் வண்டியிடம் போனேன். சின்னக் கார். பின்வரிசையில், சுவரோரம் நிற்கிறது. கதவுக்கடியில் இருக்கும் இரும்புச் சட்டம் வளையவில்லை. உன் வண்டி அதற்கு மேலே ஏறி உள்ளே போயிருக்கிறது. இறந்துபோன அந்தத் தையற்கடைப் பெண்ணின் இருக்கையில் ஒரு சிறு தலையணை கிடந்தது. உயரம் போதாமல் போட்டுக்கொண்டிருப்பாள்.

உன் வண்டியின் முன்விளிம்பு தரையிலிருந்து நூற்று நான்கு சென்டிமீட்டர். நான் அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காவலாளியிடம் டேப்பைப் பிடிக்கச் சொன்னேன். நூற்று நான்கு என் தாடைக்கு நேரே வந்தது. அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு விலகிப் போனார். இன்று காலை சவரம் செய்யக் கண்ணாடி முன் நின்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்று என் வீட்டிலிருந்துதான் நீ கிளம்பினாய். வாசலில் நின்று "பத்திரமா போயிட்டு வா" என்று கையசைத்தேன். தெருமுனை திரும்பும் முன் அந்தச் சத்தம். உன் ஒருத்தியைத்தான் பத்திரமாகப் போகச் சொன்னேன் என்பது அன்றிலிருந்து மனதைவிட்டு அகலவில்லை.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். பிரேக் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். அதன் கீழே, படிவத்தில் இல்லாத ஒரு வரி: வண்டியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது ஓட்டியவரின் தகப்பனார். மாப்பிள்ளையிடம் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீயே கொடு. நான் செய்வது சரிதானா என்று இப்போதும் தெரியவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் சொன்னதையே அங்கேயும் சொல், அம்மா. அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர்களும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களும் கேட்கட்டும்.

புதன்கிழமை பேருந்தில் வா. நிறுத்தத்தில் குடையோடு நிற்பேன். விசாரணை நடக்கும் இடத்துக்கு அந்தத் தெருமுனையைக் கடந்துதான் போக வேண்டும். என் கையைப் பிடித்துக்கொள். நடந்தே போவோம்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா